கக்குவான் இருமல் கிருமியின் மரபணு வகையைப் பார்த்து, அது யாரிடமிருந்து தொற்றியது என்று சொல்ல முடியுமா?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் நான் புரிந்துகொண்டபடி சொல்லிவிடுகிறேன். மெல்பர்னில் இருக்கிறீர்கள். ஒன்பது வயது மகளுக்கு அட்டவணைப்படி எல்லாத் தவணையும் போட்டும் கக்குவான் இருமல் வந்துவிட்டது, பிசிஆர் பாசிட்டிவ். கிருமி மரபணு அளவில் மாறிவிட்டதால் தடுப்பூசி வேலை செய்வதில்லை என்று எங்கோ படித்திருக்கிறீர்கள். கோயம்புத்தூரிலிருந்து வந்து தங்கியிருக்கும் உங்கள் அம்மாவுக்கும் மூன்று வாரமாக இருமல். மகளின் கிருமி எந்த வகை என்று சோதித்துப் பார்த்தால், அது ஊரிலிருந்து வந்ததா பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததா என்று தெரியுமா என்பது கேள்வி. கடைசியில், தங்கை கருவுற்று ஆறாவது மாதத்தில் அதே வீட்டில் இருக்கிறாள் என்று ஒரு வரி.

அந்தக் கடைசி வரியைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். நான் மருத்துவர் இல்லை, பல ஆண்டுகள் பொதுச் சுகாதார ஆய்வகத்தில் பாக்டீரியாக்களை வகைப்படுத்தும் வேலை பார்த்தவன். ஆனாலும் இதைத் தயங்காமல் சொல்வேன்: தங்கையின் மருத்துவரை இன்றே கூப்பிட்டு, வீட்டில் உறுதியான கக்குவான் இருமல் இருக்கிறது என்று சொல்லுங்கள். இந்த நோயில் உயிர் போவது பெரும்பாலும் முதல் தவணை ஊசிகூடப் போட வயது வராத பச்சைக் குழந்தைகளுக்குத்தான். ஆஸ்திரேலியாவில் ஒவ்வொரு கர்ப்பத்திலும் 20 முதல் 32 வாரத்துக்குள் தாய்க்கு இந்தத் தடுப்பூசி போடச் சொல்கிறார்கள். தாயின் எதிர்ப்புப் புரதங்கள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய்ச் சேரும். பிரிட்டன் 2012-இல் இப்படிப் போட ஆரம்பித்த பிறகு, மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளிடம் நோய் சுமார் 90 சதவீதம் தடுக்கப்பட்டதாகக் கணக்கிட்டார்கள். அம்மாவுக்கும் ஸ்வாப் எடுக்கச் சொல்லுங்கள். வீட்டில் மற்றவர்களுக்கு மாத்திரை வேண்டுமா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். இதெல்லாம் கிருமி எந்த வகையாக இருந்தாலும் ஒன்றுதான்.

சரி, இப்போது வகைக்கு வருவோம். முதல் நிலை வகைப்படுத்தல் என்பது இனத்தை உறுதி செய்வது. கக்குவான் இருமலுக்கு முக்கியக் காரணம் போர்டெடெல்லா பெர்டூசிஸ் என்ற பாக்டீரியா. 1906-இல் பிரஸ்ஸல்ஸில் ஜூல் போர்டே, ஆக்டாவ் ஜாங்கு இருவரும் உருளைக்கிழங்குச் சாறும் கிளிசரினும் ரத்தமும் கலந்த ஊடகத்தில் அதை வளர்த்துக் காட்டினார்கள். அதற்கு நெருங்கிய உறவுக் கிருமிகளும் உண்டு: பாராபெர்டூசிஸ், ஹோல்மெசியை. உங்கள் மகளுக்குச் செய்த பிசிஆர் பெரும்பாலும் ஐஎஸ்481 என்ற டிஎன்ஏ துண்டைத் தேடியிருக்கும். பெர்டூசிஸ் மரபணுத் தொகுப்பில் இந்தத் துண்டு 200-க்கும் மேற்பட்ட இடங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. அதனால்தான் ஸ்வாப்பில் மிகக் கொஞ்சம் கிருமி இருந்தாலும் பிசிஆர் கண்டுபிடித்துவிடுகிறது. சிக்கல் என்னவென்றால் ஹோல்மெசியையிலும் அதே துண்டு சில பிரதிகள் இருக்கிறது. நல்ல ஆய்வகங்கள் இன்னொரு மரபணுவையும் சேர்த்துப் பார்த்தே பெர்டூசிஸ் என்று எழுதும். ஆனால் 'பெர்டூசிஸ் பாசிட்டிவ்' என்ற அந்த வரியோடு வழக்கமான சோதனை முடிந்துவிடும். பெர்டூசிஸுக்குள்ளேயே எந்தக் கிளை என்று அது பார்ப்பதில்லை.

கிளையைப் பார்க்கப் பொதுவாக உயிருள்ள கிருமி வேண்டும். மூக்கின் உட்பகுதி வழியாகத் தொண்டையின் பின்புறம் வரை விட்டு எடுக்கும் ஸ்வாப்பிலிருந்து கல்ச்சர் செய்ய வேண்டும், அதாவது கிருமியை ஆய்வகத் தட்டில் வளர்க்க வேண்டும். இது அடம்பிடிக்கும் கிருமி. பஞ்சு ஸ்வாப்பில் எடுத்தால் வளர மறுக்கும், கரி கலந்த சிறப்பு ஊடகம் வேண்டும், தட்டைப் பத்து நாள் வரை வைத்துப் பார்க்க வேண்டும். இருமல் தொடங்கிய முதல் இரண்டு வாரத்தைத் தாண்டிவிட்டால், அல்லது ஆன்டிபயாட்டிக் தொடங்கிவிட்டால், தட்டில் ஒன்றும் வராமல் போகவே வாய்ப்பு அதிகம். பிசிஆர் வந்த பிறகு பல நாடுகளில் ஆய்வகங்கள் கல்ச்சர் செய்வதையே குறைத்துவிட்டன. நோயாளிக்கு பிசிஆர் நல்லது: ஒரே நாளில் முடிவு. ஆனால் வகைப்படுத்துபவர்களின் கைக்கு வரும் கிருமிகள் வற்றிப்போயின. நேரடியாக ஸ்வாப்பில் உள்ள டிஎன்ஏவிலிருந்தே வகை காணும் முறைகள் வளர்ந்து வருகின்றன. அவை ஸ்வாப்பில் கிருமி நிறைய இருந்தால்தான் கைகொடுக்கும். இந்த இழப்பைப் பற்றி நான் கவலைப்படுகிறேன். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

தட்டில் கிருமி வளர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பழைய முறை, டிஎன்ஏவை ஒரு நொதியால் வெட்டி, ஜெல்லில் ஓடவிட்டுத் துண்டுகளின் வரிசையை ஒப்பிடுவது. அதற்குப் பின் வந்தது, மரபணுத் தொகுப்பில் சில குறிப்பிட்ட இடங்களில் ஒரு சிறு எழுத்துத் தொடர் எத்தனை முறை திரும்ப வருகிறது என்று எண்ணி, அந்த எண்களைச் சேர்த்து ஒரு வகை எண் கொடுப்பது. எம்டி27, எம்டி28 என்றெல்லாம் கட்டுரைகளில் பார்த்திருப்பீர்கள், அவை இப்படி வந்தவை. மூன்றாவது முறைதான் தடுப்பூசி விவாதத்துக்கு நேரடியாகப் பொருந்துவது: தடுப்பூசியில் என்னென்ன புரதங்கள் இருக்கின்றனவோ அவற்றின் மரபணுக்களை மட்டும் எழுத்து எழுத்தாகப் படிப்பது. பெர்டூசிஸ் நச்சு, அந்த நச்சை எவ்வளவு உற்பத்தி செய்வது என்று கட்டுப்படுத்தும் முன்பகுதி, பெர்டாக்டின் என்ற ஒட்டும் புரதம், கிருமியின் மேலுள்ள மயிரிழைகளின் புரதங்கள் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து வரிசையாக எழுதினால் அதுதான் அந்தக் கிருமியின் ஜாதகம்.

இப்போது முழு மரபணுத் தொகுப்பையே படித்துவிடுகிறோம். தோஹாமா-1 என்ற கிருமியின் தொகுப்பை 2003-இல் முழுதாக வெளியிட்டார்கள். சுமார் 41 லட்சம் எழுத்துகள். 1950களில் ஜப்பானில் ஒரு நோயாளியிடமிருந்து எடுக்கப்பட்ட கிருமி அது. இன்றைய தடுப்பூசிகள் சிலவற்றின் புரதங்களும் அதிலிருந்தே தயாராகின்றன. அதோடு இன்று சுற்றும் கிருமிகளை ஒப்பிட்டதில்தான் மாற்றங்கள் தெளிவாகத் தெரிந்தன.

மாற்றங்கள் உண்மையானவை, அதில் சந்தேகம் இல்லை. 1990களில் நெதர்லாந்தில், நாடு முழுக்கத் தடுப்பூசி போட்டிருந்தும் 1996-இல் நோய் பெருகியபோது, ஃபிரிட்ஸ் மோய் என்ற ஆராய்ச்சியாளரும் அவரது குழுவும் சேமித்து வைத்திருந்த பழைய கிருமிகளையும் புதியவற்றையும் அருகருகே வைத்துப் பார்த்தார்கள். தடுப்பூசி வருவதற்கு முன் சுற்றியவை தடுப்பூசிக் கிருமியை ஒத்திருந்தன. பிறகு வந்தவற்றில் நச்சின் எழுத்துகளும் பெர்டாக்டினின் எழுத்துகளும் விலகியிருந்தன. அடுத்து, நச்சின் கட்டுப்பாட்டுப் பகுதியில் ஒரு மாற்றம் கொண்ட வகை தலைதூக்கியது. கட்டுரைகளில் பிடிஎக்ஸ்பி3 என்று எழுதுவார்கள். இந்த வகை ஆய்வகத்தில் நச்சைக் கூடுதலாகச் சுரந்தது. 19 நாடுகளிலிருந்து, 1920 முதல் 2010 வரை சேகரித்த 343 கிருமிகளின் முழுத் தொகுப்பையும் ஒப்பிட்டு 2014-இல் வெளிவந்த ஆய்வு, இந்த வகை சில பத்தாண்டுகளில் கண்டம் விட்டுக் கண்டம் பரவி, பல நாடுகளில் பழையதை ஏறக்குறைய முழுதாக இடம்பெயர்த்துவிட்டதைக் காட்டியது.

ஆஸ்திரேலியாவில் நடந்தது இன்னும் வேகமானது. அங்கே 1997 முதல் 1999-க்குள் முழுக்கிருமித் தடுப்பூசியை விட்டுவிட்டு, கிருமியிலிருந்து சில புரதங்களை மட்டும் பிரித்தெடுத்துச் செய்யும் தடுப்பூசிக்கு மாறினார்கள். 2008-இல் தொடங்கி 2012 வரை பெரிய நோய்ப் பெருக்கம். அதே நான்கு ஆண்டுகளில், பெர்டாக்டினையே உற்பத்தி செய்யாத கிருமிகளின் பங்கு 5 சதவீதத்திலிருந்து 78 சதவீதமாக ஏறியது. பெர்டாக்டின் அந்தத் தடுப்பூசியில் உள்ள புரதங்களில் ஒன்று என்பதைக் கவனியுங்கள். மேலே சொன்ன ஐஎஸ்481 துண்டு இருக்கிறதல்லவா, அது தன் இடத்திலிருந்து தாவிப் பெர்டாக்டின் மரபணுவின் நடுவே போய் உட்கார்ந்து அதை உடைத்துவிடுகிறது. ஓரிடத்தில் ஒருமுறை நடந்து பரவியதும் இல்லை. வெவ்வேறு கிளைகளில், வெவ்வேறு நாடுகளில், தனித்தனியாகப் பலமுறை உடைந்திருக்கிறது. அமெரிக்காவிலும் இதே கதைதான்.

தடுப்பூசிதான் இந்த மாற்றத்தைத் தேர்ந்தெடுத்ததா? ஆம் என்றே நினைக்கிறேன், அதற்கு எனக்கு மிக வலுவாகத் தெரியும் சான்று டென்மார்க். அங்கே பல ஆண்டுகளாகப் போட்ட தடுப்பூசியில் நச்சுப் புரதம் ஒன்று மட்டும்தான், பெர்டாக்டின் கிடையாது. பக்கத்து நாடுகளில் பெர்டாக்டின் இல்லாத கிருமி பெருகியபோதும் டென்மார்க்கில் அது அரிதாகவே கிடைத்தது. ஜப்பானில் முதலில் அதிகமாக இருந்த இந்த வகை, பிற்காலத்தில் பெர்டாக்டின் இல்லாத தடுப்பூசிகளின் பயன்பாடு கூடியபோது குறைந்துபோனது. முழுக்கிருமித் தடுப்பூசி போடும் நாடுகளிலும் இந்த வகை குறைவுதான். பிடிஎக்ஸ்பி3 விஷயத்தில் இவ்வளவு உறுதியாகப் பேச முடியாது. அது நோயைக் கடுமையாக்குகிறதா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. நச்சு கூடுதலாகச் சுரப்பது அதன் வெற்றிக்குக் காரணமா, அல்லது கூடவே வந்த வேறு மாற்றங்கள் காரணமா என்ற விவாதம் இன்னும் நடக்கிறது.

ஆனால் நீங்கள் படித்ததில் இருக்கும் அடுத்த தாவல், அதாவது 'கிருமி மாறிவிட்டது, ஆகவே தடுப்பூசி வேலை செய்யவில்லை' என்பது, சான்றுகளோடு பொருந்தவில்லை. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் 2011-13 காலத்தில் கிடைத்த கிருமிகளில் 90 சதவீதத்துக்கும் மேல் பெர்டாக்டின் இல்லாதவை. அதே இடத்தில், அதே காலத்தில், குழந்தைகளுக்கான ஐந்து தவணைத் தடுப்பூசியின் பாதுகாப்பு சுமார் 84 சதவீதம் என்று கணக்கிட்டார்கள். கிருமி ஒரு புரதத்தைக் கழற்றிப் போட்டாலும், தடுப்பூசி தூண்டும் மற்ற எதிர்ப்புகள், முக்கியமாக நச்சுக்கு எதிரானவை, வேலை செய்கின்றன.

உங்கள் மகளுக்கு ஏன் வந்தது என்பதற்கு மரபணுவைவிட எளிய பதில், காலம். ஆஸ்திரேலிய அட்டவணையில் நான்கு வயதில் ஒரு தவணை, அடுத்தது பன்னிரண்டு, பதிமூன்று வயதில். அவளுக்கு வயது ஒன்பது. வடக்குக் கலிஃபோர்னியாவில் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2012-இல் வெளியான ஆய்வில், ஐந்தாவது தவணைக்குப் பிறகு ஒவ்வோர் ஆண்டும் நோய் வரும் வாய்ப்பு சராசரியாக 42 சதவீதம் கூடியது. புரதத் தடுப்பூசியின் பாதுகாப்பு முழுக்கிருமித் தடுப்பூசியைவிட வேகமாகத் தேய்கிறது என்பது இன்று கிட்டத்தட்ட எல்லோரும் ஒப்புக்கொள்ளும் விஷயம். பபூன் குரங்குகளில் செய்த சோதனை ஒன்றும் இருக்கிறது: புரதத் தடுப்பூசி போட்ட குரங்குகளுக்கு நோய் வரவில்லை. ஆனால் கிருமி அவற்றின் தொண்டையில் வாரக்கணக்கில் தங்கியது, பக்கத்துக் குரங்குக்கும் பரவியது. மனிதர்களில் இதே அளவுக்கு நடக்கிறது என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது, ஆனாலும் பள்ளிகளில் ஏன் இது இப்படிச் சுற்றுகிறது என்பதற்கு நியாயமான விளக்கம். 2024-இல் ஆஸ்திரேலியாவில் பதிவானவர்களின் எண்ணிக்கை 50,000-ஐத் தாண்டியது. கோவிட் கட்டுப்பாடுகள் இருந்த ஆண்டுகளில் நோய் ஏறக்குறைய மறைந்திருந்ததால், இயற்கையாகத் தூண்டப்படும் எதிர்ப்பும் மக்களிடம் குறைந்திருந்தது. அந்த ஊசிகள் வீண்போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தடுப்பூசி போட்டும் நோய் வந்தவர்களுக்குப் பொதுவாக அது மிதமாகவே வருகிறது.

இப்போது உங்களை உறுத்தும் கேள்வி: அம்மாவா, பள்ளிக்கூடமா? ஒரு ஓலைச்சுவடியைத் தலைமுறை தலைமுறையாகப் படியெடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் விட்ட பிழை அவர் படியிலிருந்து எழுதிய எல்லோரிடமும் வரும். பிழைகளை ஒப்பிட்டால் எந்தப் படி எதிலிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கலாம். நாங்கள் செய்வதும் அதுவே. ஆனால் பெர்டூசிஸ் அபாரமாகக் கவனமுள்ள எழுத்தர். 41 லட்சம் எழுத்துகளில், ஓர் ஆண்டு முழுக்கச் சேர்ந்து சராசரியாக ஓர் எழுத்துக்கூட மாறுவதில்லை. ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குத் தொற்ற ஒன்றிரண்டு வாரம் ஆகும் என்று வைத்தால், பத்து இருபது பேரைத் தாண்டிய பிறகும் கிருமி எழுத்துப் பிசகாமல் அப்படியே இருக்கலாம். அதனால் அம்மாவின் கிருமியும் மகளின் கிருமியும் நூற்றுக்கு நூறு ஒத்திருந்தாலும், யாரிடமிருந்து யாருக்கு என்ற திசை அதில் தெரியாது. இருவருக்கும் மூன்றாவது ஒருவரிடமிருந்து வந்திருக்கலாம். பள்ளியில் நான்கு பிள்ளைகளிடமும் அதே கிருமி இருக்கலாம். நச்சு, பெர்டாக்டின் வகை எண்களை மட்டும் பார்த்தால் நிலைமை இன்னும் மோசம். 2008-12 பெருக்கத்தில் ஆஸ்திரேலியாவில் கிடைத்த கிருமிகளில் பெரும்பான்மை ஒரே கொத்தைச் சேர்ந்தவை. ஊரில் பெரும்பாலோருக்கு ஒரே பெயர் என்றானபின், பெயர் பொருந்துகிறது என்பதில் என்ன தகவல் இருக்கிறது?

இல்லை என்று சொல்ல மட்டும் இந்தச் சோதனை நன்றாகப் பயன்படும். இருவரின் தொகுப்புகளுக்கும் இடையே இருபது, முப்பது எழுத்து வேறுபாடு வந்தால், அம்மாவிடமிருந்து மகளுக்கோ மகளிடமிருந்து அம்மாவுக்கோ சமீபத்தில் போகவில்லை என்று துணிந்து சொல்லிவிடலாம். மகளிடம் கிடைத்தது பெர்டாக்டின் உடைந்த, ஆஸ்திரேலியக் கிருமிகளோடு நெருங்கிய கிளை என்றால் தராசு பள்ளிக்கூடம் பக்கம் சாயும். இந்தியாவின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் இன்றும் முழுக்கிருமித் தடுப்பூசிதான், அதனால் இந்த வகைக்கு அங்கே அவ்வளவு சாதகமான சூழல் இல்லை. அதுவும் சாய்வு மட்டும்தான், தீர்ப்பாகாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு இருமல் முதலில் வந்தது என்பதாலேயே அவரிடமிருந்து வந்தது என்று ஆகாது. பெரியவர்களுக்கு மூன்று வார இருமல் வரப் பல காரணங்கள் உண்டு, அவருக்கு இது கக்குவான் இருமல்தானா என்பதே இன்னும் தெரியவில்லை. ஒருவேளை அதுவேயானாலும், விமானத்திலோ, மெல்பர்ன் வந்த பிறகு கோயிலிலோ கடைவீதியிலோ தொற்றியிருக்கலாம். பேத்திக்கு நோயைக் கொண்டுவந்தோம் என்ற எண்ணம் ஒரு பாட்டியை என்ன பாடுபடுத்தும் என்று உங்களுக்குத் தெரியும். சோதனையால் நிரூபிக்க முடியாத ஒன்றை அவர் மீது வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அப்படியானால் இந்த வகைப்படுத்தல் யாருக்கு, எதற்கு? தனி நோயாளியைவிட நாட்டுக்கும் உலகத்துக்கும். எந்தப் புரதத்தைக் கிருமி கைவிடுகிறது, அடுத்த தடுப்பூசியில் எதைச் சேர்க்க வேண்டும், ஒரு பெருக்கம் ஒரே புதுக் கிருமியால் வந்ததா பல கிளைகள் ஒன்றாகக் கிளம்பியதா என்பதெல்லாம் இதில்தான் தெரியும். 2012-இல் அமெரிக்காவில் 48,000-க்கும் மேற்பட்டோருக்கு நோய் பதிவானபோது, வாஷிங்டன் மாநிலக் கிருமிகளை வகைப்படுத்திப் பார்த்தார்கள். பல வகைகள் கலந்தே கிடைத்தன. ஒரே அசுரக் கிருமி வந்து தாக்கியது என்ற கதை அதில் அடிபட்டுப் போனது. கல்ச்சர் குறைவதைப் பற்றி நான் கவலைப்படுவது இதனால்தான். கிருமி மாறிக்கொண்டிருக்கும்போது பார்க்கும் கண்ணை மூடிக்கொள்கிறோம்.

தனி நோயாளியின் சிகிச்சையை நேரடியாக மாற்றக்கூடிய ஒரே ஒரு மரபணுச் செய்தி இன்றைக்கு இருக்கிறது. கிருமியில் புரதம் தயாரிக்கும் ரைபோசோமின் ஒரு பகுதியான 23எஸ் ஆர்என்ஏவின் மரபணுவில், 2047-ஆவது இடத்தில் ஏ என்ற எழுத்து ஜி ஆக மாறினால், அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்குக்கும் அதன் குடும்ப மருந்துகள் எதற்கும் கிருமி அடங்காது. 1994-இல் அமெரிக்காவின் அரிசோனாவில் இத்தகைய எதிர்ப்புள்ள கிருமியை முதலில் கண்டார்கள். கடந்த பதினைந்து ஆண்டுகளில் சீனாவில் இது மிகப் பரவலாகிவிட்டது. முதலில் பழைய கிளையில் இருந்தது, கோவிடுக்குப் பின் பிடிஎக்ஸ்பி3 கிளையிலும் வந்திருக்கிறது. ஜப்பானிலும் ஃபிரான்சிலும் கண்டிருக்கிறார்கள். உலகம் முழுக்கக் கையில் இருக்கும் முதல் மருந்து அசித்ரோமைசின் என்பதால், எனக்குப் பெர்டாக்டினைவிட இந்த ஒற்றை எழுத்துதான் அதிகப் பயம் தருகிறது.

ஆகவே மருத்துவரிடம் 'என்ன வகை' என்று கேட்பதைவிட இப்படிக் கேளுங்கள்: ஸ்வாப்பில் மீதி இருக்கிறதா, அதைப் பொதுச் சுகாதார ஆய்வகத்துக்குக் கல்ச்சருக்கோ மருந்தெதிர்ப்புச் சோதனைக்கோ அனுப்ப வாய்ப்பு உண்டா? மருந்து முடிந்த பிறகும் இருமல் வாரக்கணக்கில் நீடிப்பது எதிர்ப்புக்கு அடையாளம் இல்லை. கிருமி போன பிறகும் நச்சு செய்த சேதம் ஆறக் காலம் எடுக்கும், அதனால் அதை வைத்துப் பயப்பட வேண்டாம். எதிர்ப்பு இருப்பது தெரியவந்தால் கோ-டிரைமோக்சசோல் என்ற மாற்று மருந்து இருக்கிறது. ஆனால் கருவுற்றவர்களுக்கும் பிறந்து இரண்டு மாதம் ஆகாத குழந்தைகளுக்கும் அதைக் கொடுப்பதில் தடைகள் உண்டு என்பதால், தங்கை இருக்கும் வீட்டில் அந்த முடிவை மருத்துவர்தான் எடுக்க வேண்டும். மகள் ஆன்டிபயாட்டிக் தொடங்கி ஐந்து நாள் முடிந்ததும் பள்ளிக்குப் போகலாம். மருந்து எடுக்காவிட்டால் இருமல் தொடங்கியதிலிருந்து 21 நாள் வீட்டில் இருக்க வேண்டும். பள்ளிக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அவள் வகுப்பில் யாராவது ஒரு பிள்ளையின் வீட்டிலும் பச்சைக் குழந்தை இருக்கக்கூடும்.